60 மில்லிமீட்டர்

மென்பொருள் நிறுவனத்தில் சில வருடம் இருந்துவிட்டு, பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ப்ராடக்ட் மேனேஜராகச் சேர்ந்தேன். பதவியின் பெயர் அதேதான், வேலைதான் வேறு. அங்கே திரையில் ஒரு பட்டன் இருக்கும் இடம் பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே மாற்றிவிடலாம். இங்கே வார்ப்பின் சுவரை 2 மில்லிமீட்டர் தடிப்பாக்க வேண்டுமென்றால் பேட்டர்னை, அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மூல வடிவத்தைத் திருத்தி, மாதிரி வார்த்து, அறுத்துப் பார்த்து, நீரழுத்தச் சோதனையும் முடிப்பதற்குள் மாதங்கள் போய்விடும். வந்த புதிதில் ஒவ்வொரு மீட்டிங்கிலும் "எப்போ ரிலீஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்கள்.

என் முதல் பெரிய யோசனை, பம்பைச் சின்னதாக்குவது. டிசைன் ஆட்கள் கணக்குப் போட்டு, நீளத்தில் 60 மில்லிமீட்டர் குறைக்கலாம் என்றார்கள். இரும்பு மிச்சம், எடையும் குறையும். படம் போட்டுக் காட்டினேன், மேலே இருப்பவர்களுக்குப் பிடித்துவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சர்வீஸ் பிரிவின் மூத்த ஃபிட்டர் மட்டும் ஒன்று கேட்டார்: "சார், மிச்ச அறுபதுக்கு குழாய் யார் தருவா?"

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அப்புறம் அவரோடு ஓர் ஆலைக்குப் போனபோதுதான் விளங்கியது. பழுதான பம்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கான்கிரீட்டில் பதித்த ஃபவுண்டேஷன் போல்ட்டுகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. முன்னால் ஒரு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு), மேலே ஒரு ஃபிளாஞ்ச், இரண்டும் அசைக்க முடியாத குழாய்களின் முனையில். நடுவில் காலியாக ஓர் இடம். அந்த ஆலை எங்களிடம் கேட்டது அந்த இடத்துக்கு ஒரு பம்ப், அவ்வளவுதான். என்னுடைய சின்ன பம்பை அங்கே வைக்க, குழாயை வடித்துக் காலி செய்து, வெட்டி, துண்டு சேர்த்துப் பற்றவைத்து, போல்ட்டுக்குப் புதுத் துளை போட்டு... அதுவரை உற்பத்தி நிற்கும். நான் மிச்சம் பிடித்த இரும்பு எந்த மூலைக்கு?

இதற்கென்றே ஐஎஸ்ஓ 2858 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 16 பார் அழுத்த வகை எண்ட் சக்ஷன் பம்புகளுக்கு (முன்பக்கத்திலிருந்து உறிஞ்சுபவை) ஃபிளாஞ்ச் எங்கே, கால் துளை எங்கே, தண்டு எவ்வளவு உயரத்தில் என்பதையெல்லாம் அது சொல்லிவிடுகிறது. எங்கள் கேட்டலாக்கில் அந்த எண்ணை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். சான்றிதழ் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரு கம்பெனியின் பம்பை எடுத்துவிட்டு இன்னொரு கம்பெனியுடையதை அப்படியே உட்கார வைக்கலாம். எங்களுடையதை எடுத்துவிட்டுப் போட்டியாளருடையதை வைக்கவும் அதே வசதிதான்!

சரி, வெளியே கை வைக்க முடியாது. உள்ளே என்ன செய்யலாம்? மின்சாரம் என்று பிடித்துக்கொண்டேன். இரவு பகலாக ஓடும் பம்ப் தன் ஆயுளில் தின்னும் மின்சாரத்துக்கு முன்னால் அதன் விலை ஒன்றுமே இல்லை. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது: 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. (தண்ணீரை நிறைய உயரத்துக்கு ஏற்றும் இடங்களில் கணக்கு இவ்வளவு அழகாக வராது.) இதைக் கொள்முதல் அதிகாரி ஒருவரிடம் ஆர்வமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல விஷயம்தான் சார், ஆனா கரண்ட் பில் என் கணக்குல வராது" என்றார். வாங்குபவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர், பில் கட்டுபவர் மூன்றாமவர். மென்பொருளில் 'பயனர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மெக்கானிக்கல் சீலில், அதாவது சுழலும் தண்டைச் சுற்றிக் கசியாமல் தடுக்கும் பாகத்தில், வேலை நடக்கிறது. இதுவரை பாகம் பாகமாகக் கோத்து, தண்டின் மேல் அளவெடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அரை வெளிச்சத்தில், எண்ணெய்க் கையோடு அளவெடுத்தால் பிசகத்தான் செய்யும். கார்ட்ரிட்ஜ் வகையில் எல்லாம் தொழிற்சாலையிலேயே கோத்து வரும், அளவெடுக்க வேண்டியதில்லை. போன வாரம் அதே ஃபிட்டரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய பம்புக்கும் சேருமா சார்?"

வரைபடத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீல் உட்காரும் அறையின் அளவுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.