பரங்கிமலை ஓடிஏ: உள்ளே போய் வந்தவன் சொல்வது

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் டிகிரி முடித்த பசங்க, ஆர்மி ஆபீசர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமியான ஓடிஏவுக்குப் போய் வந்த என்னைப் பார்த்தால் "ஆர்மி ஆபீசராக எவ்ளோ ஓடணும்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடியே பழகிய ஏரியா, வேறென்ன கேட்பார்கள். ஓட்டத்தை எப்படியும் சமாளித்துவிடலாம் தம்பி, ஆளைத் தின்பது நேரமும் பேச்சும்தான்.

முதலில் யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ், ராணுவ ஆபீசர் வேலைக்கான எழுத்துத் தேர்வு. ஓடிஏவுக்கு மட்டும் என்றால் இங்கிலீஷும் ஜிகேவும் போதும், கணக்கு பேப்பர் கிடையாது. பி.காம் படித்த எனக்குத் தைரியம் வந்ததே அதனால்தான்.

அப்புறம் எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வு, ஐந்து நாள். எனக்கு பெங்களூரில். முதல் நாளே ஒரு படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேச விடுவார்கள். ஒரே கூச்சல். அதற்கு 'மீன் மார்க்கெட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், காசிமேட்டுக்காரன் என்ற முறையில் ஆட்சேபிக்கிறேன், எங்கள் ஏலத்தில் கத்துகிறவனுக்குக் காதும் வேலை செய்யும். அன்று சாயங்காலமே பெரும்பாலானவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அடுத்த நாள் வார்த்தைத் தேர்வு, 60 வார்த்தை, ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு வாக்கியம் எழுத 15 விநாடி. தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதப் போனால் அதற்குள் அடுத்த வார்த்தை திரையில் வந்து நிற்கும். மெடிக்கலுக்கு முன்னால் காது அழுக்கை எடுத்துவிட்டுப் போங்கள், அதற்கெல்லாம்கூட நிறுத்தி வைக்கிறார்கள்.

ஓடிஏவில் பயிற்சி 49 வாரம். பி.டி. முடிந்து ரூமுக்கு ஓடி, வியர்வை காய்வதற்குள் ட்ரில் உடுப்பு, பூட்ஸ் லேஸ், பெல்ட் பக்கிள் பளபளப்பு, திரும்ப ஓட்டம், அதில் ஒருவன் தாமதித்தாலும் மொத்த ஸ்குவாடும் தரையில் உருளணும். பயிற்சி தரும் உஸ்தாத்கள் பேசுவது ஹிந்தி. எனக்கு அது சுத்தமாகத் தெரியாது, 'பாயே முட்' என்றால் இடது பக்கம் என்று மூளைக்கு முன்னால் குதிகால்தான் கற்றுக்கொண்டது. அப்படித் தேய்த்த மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர். இதே இடத்தில் பயிற்சி எடுத்து, 1987இல் இலங்கையில் உயிர்விட்டு, பரம் வீர் சக்ரா பெற்றவர். தமிழ்ப் பெயரைப் பலகையில் பார்க்கும்போது முதுகு கொஞ்சம் நிமிரும், பொய் சொல்லவில்லை.

வடசென்னை என்றதும் பாக்ஸிங்கில் என்னைத் தள்ளிவிட்டார்கள். ராயபுரம் பக்கத்து பாக்ஸிங் பரம்பரை எல்லாம் எனக்கு ரத்தத்தில் இருக்கும் என்று அவர்களுக்கு நினைப்பு. மூக்கில் வந்தது மட்டும்தான் ரத்தம்.

சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போக முடியாததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. அம்மாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை. "தோ இருக்குற மவுண்ட்டுக்கு வஞ்சிரக் கொழம்பு எடுத்துனு வர எவன்டா பர்மிஷன் குடுக்கணும்?" என்று போனில் சண்டை. ஊட்டியிலோ டேராடூனிலோ போட்டிருந்தால் இந்த ஏக்கமே இருந்திருக்காது.

பயிற்சி முடிந்து ஆபீசராகும் பாஸிங் அவுட் அன்று ஒரு தோளில் அம்மாவும் மறு தோளில் அப்பாவும் நட்சத்திரம் குத்தினார்கள். அப்பாவுக்கு வலை பின்னும் கை, உடனே முடித்துவிட்டார்.

ஒன்று, சேருவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். இது ஷார்ட் சர்வீஸ்: 10 வருடம், வேண்டுமானால் இன்னும் 4. அதோடு வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது. எங்கள் வீட்டில் "கவர்மெண்ட் வேலைன்னு சொன்னியேடா" என்று தொடங்கிய பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது.