மணி பிளான்ட் இலையைக் குழந்தை கடித்துவிட்டால்

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மணி பிளான்ட்டையும், பெரிய இலையில் வெளிர் திட்டு போட்ட அழகுச் செடியான டிஃபன்பேக்கியாவையும் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்காதீங்க. இலை, தண்டு முழுக்க கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக. கடித்ததுமே நாக்கிலும் உதட்டிலும் குத்தி இறங்கும். எரிச்சல், வீக்கம், நிற்காமல் எச்சில். சேனைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்குமே, அதே சங்கதிதான், இதில் ரொம்பக் கடுமை.

வாயில் உள்ள துண்டுகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்க. வாயை நன்றாகக் கழுவிவிட்டு, சில்லென்ற பால் கொஞ்சம் கொடுங்க. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, தொண்டை இன்னொரு முறை புண்ணாகும். நாக்கு வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கடித்த இலையையும் கையோடு எடுத்துப் போங்க. செடி வெட்டிய கையால் கண்ணைத் தொடாதீங்க.

அரளி வேறு ரகம். இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பூனை வளர்ப்பவர்களே, பொக்கேயில் வரும் லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வேண்டாம். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். ஜாடித் தண்ணீரும் ஆபத்துதான். வாந்தி நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீங்க, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய் டிரிப்ஸ் ஏற்றினால்தான் பிழைக்க வழி. நாய் இருக்கும் வீட்டில், குட்டிப் பனை போல இருக்கும் சைகஸ் என்ற அழகுச் செடியும் கூடாது, அதன் விதை கல்லீரலைத் தாக்கும்.