வியாசர்பாடியில் ஒரு பெட்டி, பெரம்பூரில் ஒரு பெட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் வியாசர்பாடியில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்துக்குள் முழங்கால் அளவு நின்றது. சித்தப்பாவின் ஸ்டுடியோ அங்கேதான். கல்யாணப் படங்கள் ஒரு ஹார்ட்டிஸ்கில், அதன் நகல் இன்னொன்றில், இரண்டும் ஒரே மேசைக்கு அடியில். இரண்டும் போயின. ஆல்பம் வாங்கியவர்களிடமிருந்த பென்டிரைவ்களைத் திரும்பக் கேட்டு வாங்கி, முடிந்ததைச் சேர்த்தோம். அப்புறம் எடுத்தவற்றையும் கூட்டினால் இப்போது சுமார் 700 ஜிபி.

ரிச்சி தெருவில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 2 டிபி டிஸ்க் இரண்டு, மிரராக, அதாவது இரண்டிலும் ஒரே தரவு. மேலே இசட்எஃப்எஸ், டிஸ்க்குகளையும் ஃபைல்களையும் சேர்த்தே நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம். மாடியில் வைத்த பெட்டியிலிருந்து 1200 ஜிபி வால்யூம் (தனி டிஸ்க் போலத் தோன்றும் பகுதி) ஒன்றை, நெட்வொர்க் வழியே டிஸ்க் கொடுக்கும் ஐஸ்கஸி மூலமாகக் கீழே ஸ்டுடியோ விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். சித்தப்பாவுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். இந்தப் பகுதி ஒரு மாலையில் முடிந்தது.

படங்களை அதில் ஏற்றிவிட்டு, அந்த நேரத்து நிலையை அப்படியே உறைய வைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுக்கப் போனால், முதல் தடவையே இடம் போதவில்லை என்றது. பூலை, அதாவது மிரரின் மொத்த இடத்தைப் பார்த்தால் 1100 ஜிபிக்கு மேல் காலி. வால்யூம் பட்டியலைப் பார்த்தால் கிடைக்கக்கூடிய இடம் 550 ஜிபிகூட இல்லை. எது உண்மை என்று இரண்டு இரவு உட்கார்ந்தேன். இரண்டுமே உண்மை. வால்யூமை உருவாக்கும்போதே இசட்எஃப்எஸ் அந்த 1200 ஜிபியை ஒதுக்கிவிடுகிறது. அது பழைய பிளாக்கின் (தரவுத் துண்டின்) மேல் எழுதாது. புது இடத்தில் எழுதிவிட்டு, தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டியை மாற்றும். ஸ்னாப்ஷாட் ஒரு நொடியில் முடிவது அதனால்தான், எதையும் நகலெடுப்பதில்லை, பழைய பிளாக்குகளை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அப்படிப் பிடித்த 700 ஜிபி போக, வால்யூம் முழுவதையும் மறுபடி எழுதவும் இடம் இருக்கும் என்று இசட்எஃப்எஸ் வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்ற இன்னொரு 700 ஜிபி தேவை. இல்லாததால் மறுத்துவிட்டது. நியாயமான மறுப்பு.

ஒதுக்கீட்டை எடுத்துவிட்டேன், ஸ்னாப்ஷாட் எடுக்க முடிந்தது. இதற்கு விலை உண்டு: பூல் நிரம்பினால் விண்டோஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்து தோற்கும். 80 சதவீதம் தாண்டினால் என் போனுக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன்.

அடுத்து ரெப்ளிகேஷன், அதாவது மற்றப் பெட்டிக்கு நகல் அனுப்புவது. முதல் முழு நகலை இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து, ஜிகாபிட் சுவிட்ச் வழியாகவே எடுத்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு ஒரு பெட்டியை ஆட்டோவில் ஏற்றிப் பெரம்பூரில் அக்கா வீட்டு மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோனேன்.

"டேய், இது ராத்திரியெல்லாம் ஓடுமாடா?" என்றாள் அக்கா.

"ஓடும்கா. சத்தம் ஃபேன் அளவுதான்."

"தண்ணி இவ்ளோ மேல வராது, விடு" என்றார் மாமா. அலமாரியில் இடம் ஒதுக்கியதும் அவர்தான்.

இப்போது தினமும் இரவு, முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு மாறிய பிளாக்குகள் மட்டும் போகின்றன. முகூர்த்த நாளில் 40 ஜிபி சேரும். எங்கள் லைனின் 40 எம்பிபிஎஸ் அப்லோடில் இரண்டேகால் மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர டோக்கன் வசதி இருக்கிறது. அதைப் போடாமல் விட்ட முதல் வாரத்தில், 30 ஜிபி போனபிறகு அறுந்து, மறுபடி தொடக்கத்திலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒருநாள் பெரம்பூர் வால்யூமை நேராக விண்டோஸில் திறந்து பார்த்தேன். திறந்த உடனே விண்டோஸ் அதில் ஏதோ எழுதிவிட்டது. அன்றிரவு போன மாற்றங்களை ஏற்க பெரம்பூர்ப் பெட்டி மறுத்தது, அந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று. கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பின்வாங்கிச் சரிசெய்தேன். இப்போது பார்க்க வேண்டுமானால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து குளோன் (எழுதக்கூடிய தனிப் பிரதி) எடுத்து அதைத்தான் திறக்கிறேன். இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு ஸ்னாப்ஷாட், அல்லது அனுப்பும் பக்கம் அதன் புக்மார்க் என்ற அடையாளக் குறியாவது இல்லாவிட்டால் மாறியதை மட்டும் அனுப்ப வழியே கிடையாது, முழு 700 ஜிபியும் போகவேண்டும். அதனால் கடைசியாக அனுப்பியதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன், தப்பித் தவறியும் அழிக்க முடியாது.

போன ஞாயிறு சோதனை. சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு வளைகாப்பு ஃபோல்டரை அழித்தேன். இரவு அழிந்த நிலையே பெரம்பூருக்கும் போனது. நகல் மட்டும் வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் படம் இல்லை. முந்தின நாள் ஸ்னாப்ஷாட்டைக் குளோன் செய்து ஸ்டுடியோவுக்கே கொடுத்தேன். ஒரே அடையாளத்தில் இரண்டு டிஸ்க் என்று விண்டோஸ் அதை ஆஃப்லைனில் போட்டது. ஆன்லைன் ஆக்கினேன். 412 படங்களும் இருந்தன.

சித்தப்பா ஒவ்வொன்றாக முழுத்திரையில் திறந்து, வளையல் நுனி வரை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். அடுத்து, பெரம்பூர்ப் பெட்டியில் ஆறு மாத ஸ்னாப்ஷாட்டுகள் தங்கும்படி அட்டவணை போடவேண்டும்.