பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேலை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும்?

முதலில் பிடித்தது குரல்தான். 1984-இல் வந்த ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ பாட்டை எழுதி, பாடி, வாத்தியங்களையும் தானே வாசித்தார். அப்போது வயது 21! அதில் வந்த ராயல்டியை எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் என்னை முழு ரசிகையாக்கியது அவர் வெளியே சொல்லாத உதவிகள். 2016 கிறிஸ்துமஸ் அன்று அவர் இறந்த பிறகுதான் பல விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. குழந்தைகளுக்குத் தொலைபேசியில் உதவும் சைல்டுலைன் அமைப்புக்கு வருடக்கணக்கில் கொடுத்த பணம். வீடற்றவர்களுக்கான விடுதியில் சத்தமில்லாமல் செய்த வேலை. டிவி நிகழ்ச்சியில் பார்த்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குழந்தைப்பேறு சிகிச்சைக்குக் கட்டிய செலவு. எவ்வளவு பெரிய மனசு!

1997-இல் அவருடைய அம்மா புற்றுநோயில் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களை இவர் மறக்கவே இல்லை. 2006 டிசம்பரில் லண்டன் ரவுண்ட்ஹவுஸில் நர்ஸ்களுக்கென்றே ஒரு கச்சேரி நடத்தினார், முழுக்க இலவசமாக.