காய்கறி ஏற்றுமதி: விளைச்சலை மட்டும் பார்த்தால் போதாது

ஒரு வளரும் நாட்டில் காய்கறி மிகுதியாக விளைகிறது என்பதாலேயே ஏற்றுமதி வாய்ப்பும் மிகுதி என்று முடிவுகட்டும் அறிக்கைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. காய்கறி உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இந்தியா, விளைவதில் மிகச் சிறு பங்கையே வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. விளைச்சலில் அதன் அருகில்கூட வர முடியாத கென்யா, பச்சை பீன்ஸைக் கொண்டு ஐரோப்பியச் சந்தையில் தனக்கென ஓரிடம் பிடித்திருக்கிறது.

ஆண்டு முழுவதும் சாகுபடிக்கு ஏற்ற மலைப்பகுதிகளும், நைரோபியிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்கும் விமானங்களும் கென்யாவுக்கு வாய்த்தவை. ஆனால், பறித்த காயின் சூட்டைத் தணித்து, அந்தக் குளிர்ச்சியை விமானம் ஏறும்வரை காப்பாற்றும் ஒழுங்கு தானாக வாய்ப்பதில்லை. பறித்த பின்னும் பீன்ஸ் சுவாசிக்கிறது என்பதால் வெயிலில் கிடந்தால் சில மணி நேரத்திலேயே வாடிவிடும். அளவுக்கு மீறிக் குளிரூட்டினாலும் கெடுதல்தான்: வெண்டைக்காயை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சில நாள் வைத்தால் தோலில் குழி விழுந்து கருத்துப்போகும், ஆனால் கீரைக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குளிர்பதனக் கிடங்கில் அடுக்கும் திட்டங்கள் (இத்தகைய அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை) இதனாலேயே பயனற்றுப் போகின்றன.

அடுத்த தடை பூச்சிக்கொல்லி எச்சம். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக அனுமதிப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 டன் காய்க்கு ஒரு கிராம். பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தால்கூட ஒரு சரக்கு இந்த வரம்பைத் தாண்டக்கூடும். எச்சம் மீண்டும் மீண்டும் தென்பட்டதால், 2013-இல் கென்ய பீன்ஸ் சரக்குகளில் 10 சதவீதத்தை எல்லையிலேயே சோதிக்க ஒன்றியம் உத்தரவிட்டது. 50 பெட்டி அனுப்பினாலும் 500 பெட்டி அனுப்பினாலும் ஒரு மாதிரிக்கான ஆய்வுக் கட்டணம் ஒன்றுதான் என்பதால், முதலில் விலகுவோர் சிறு விவசாயிகளே.

அரசின் கொள்கைத் தடுமாற்றத்தையும் இதே கணக்கில் சேர்ப்பேன். உள்நாட்டு விலையைக் கட்டுக்குள் வைக்க 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்த இந்தியா, 2024 மே மாதம் அதை நீக்கியபோதும் 40 சதவீத வரியையும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையையும் வைத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் இறக்குமதியாளர்கள் பாகிஸ்தான், எகிப்து, சீனா என்று வேறு நாடுகளை நாடினர். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது எந்த விளைச்சல் அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.