பாம்படில் போகட்டும், அந்தக் குறுவாள் எங்கே?

'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களைப் பற்றி வாசகர்கள் பேச ஆரம்பித்தால், சீக்கிரமே டாம் பாம்படில் உள்ளே வந்துவிடுவார். டோல்கீனின் புத்தகத்தில் வரும், படத்தில் இல்லாத வனவாசி அவர். "அவரை எப்படித் தூக்கலாம்?" என்று ஒரு கட்சி. "அவர் இல்லாமலே கதை நடக்கிறதே" என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் பாம்படிலையே பார்த்துக்கொண்டிருப்பதால், அவரோடு சேர்ந்து காணாமல் போன ஒரு பொருளை யாரும் தேடுவதில்லை.

புத்தகத்தில் அந்தப் பகுதி மூன்று அத்தியாயங்கள். கடைசியில் ஒரு புதைமேட்டுக்குள்ளிருந்து ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் என்ற நான்கு ஹாபிட்களை (சிற்றுருவ மக்கள்) மீட்கும் பாம்படில், அங்கே கிடந்த குறுவாள்களை எடுத்து நால்வருக்கும் கொடுக்கிறார். ஆங்மார் அரசனோடு போரிட்ட வடநாட்டு மனிதர்கள் அவனை மனதில் வைத்தே மந்திரமேற்றி அடித்த ஆயுதங்கள் அவை. எத்தனையோ அத்தியாயம் கழித்து, பெலென்னர் போர்க்களத்தில் மெர்ரி அதே வாளால், இப்போது சாரோன் என்ற தீய அதிபதியின் படைத்தலைவனாகிவிட்ட அதே அரசனின் முழங்காலுக்குப் பின்னால் குத்துகிறான். அவன் உடலைக் கட்டிவைத்திருந்த மந்திரம் அறுகிறது. அதன் பிறகுதான் அவனோடு போரிடும் எயோவின் என்ற பெண்ணின் வாள் வேலை செய்கிறது. 2003 படத்திலும் மெர்ரி குத்துகிறான், எதிரி மண்டியிடுகிறான். ஆனால் எந்த ஆயுதம் என்றாலும் அங்கே ஒன்றுதான். ஹாபிட்களுக்கு வாள் கொடுப்பது படத்தில் அவர்களுக்கு வழிகாட்டும் வீரன் அராகார்ன். அந்த வாள்களுக்கு எந்தப் பழைய பகையும் கிடையாது. அதனால் மெர்ரி வெறும் உதவியாளாகிவிடுகிறான், வெற்றி முழுக்க, எந்த ஆணாலும் தன்னைக் கொல்ல முடியாது என்ற எதிரிக்கு எயோவின் சொல்லும் "நான் ஆண் இல்லை" என்ற வசனத்தின் மேல் போய் நிற்கிறது.

தழுவலைப் பற்றி வாதாட உட்கார்ந்தால் என் முதல் கேள்வி இதுதான்: வெட்டிய பகுதி புத்தகத்தில் என்ன வேலை செய்தது? அந்த வேலையைப் படத்தில் வேறு யாராவது செய்கிறார்களா? "புத்தகத்தில் இருந்ததா" என்று மட்டும் கேட்டால் பட்டியல்தான் மிஞ்சும். பாம்படிலின் பாட்டும் மஞ்சள் பூட்ஸும் போனதை ஏற்கலாம். அவர் வழியாக வந்த வாளின் வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டது திரைக்கதையின் குறை.

வேலையை அழகாகக் கைமாற்றிய படத்துக்கு 'த பிரின்சஸ் பிரைட்' நல்ல உதாரணம். வில்லியம் கோல்ட்மேனின் 1973 நாவல், வேறொருவர் எழுதிய நீளமான புத்தகத்தைத் தான் சுருக்கித் தருவதாகப் பாவனை செய்யும். நடுநடுவே அவர் குறுக்கிட்டு, இங்கே இத்தனை பக்கத்தை வெட்டினேன் என்பார். இதை அப்படியே படமாக்க முடியாது. 1987 படத்துக்குத் திரைக்கதை எழுதியதும் கோல்ட்மேனே. காய்ச்சலில் படுத்திருக்கும் பேரனுக்குத் தாத்தா கதை படிக்கிறார், பேரன் குறுக்கிடுகிறான். கதையை நிறுத்தி வாசகனைச் சீண்டும் வேலை அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

அடுத்து வரிசை. இது ரசிகர்கள் குறைவாகப் பேசும் விஷயம், ஆனால் அதிகம் சேதம் செய்வது இதுதான். டோல்கீன் போரிடும் அராகார்ன் பக்கத்தையும், சாரோனின் மோதிரத்தை அழிக்கப் போகும் ஃப்ரோடோ பக்கத்தையும் தனித்தனிப் பகுதிகளாக எழுதினார். நான்காம் பகுதி ஃப்ரோடோ எதிரியிடம் உயிரோடு சிக்கிவிட்டான் என்பதோடு முடியும். ஐந்தாம் பகுதி முழுக்க அவனைப் பற்றித் தகவலே இல்லை. அதன் முடிவில் கருப்பு வாயிலிலிருந்து சாரோனின் தூதன் வந்து ஃப்ரோடோவின் மித்ரில் என்ற அபூர்வ உலோகச் சட்டையை எடுத்துக் காட்டுகிறான். எதிரே நிற்கும் மந்திரவாதி காண்டால்ஃபுக்குத் தெரியாதது வாசகனுக்கும் தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தில் வயிறு கலங்கும். படமோ இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. சாம் ஃப்ரோடோவை மீட்டதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். தூதன் சட்டையைக் காட்டும்போது அவன் மிரட்டல் பொய் என்று நமக்குத் தெரியும். அந்தக் காட்சி தியேட்டரில் வந்த 201 நிமிட வடிவத்தில் இல்லை, நீட்டித்த பதிப்பில்தான் இருக்கிறது. அங்கே பார்த்தாலும் சப்பென்றுதான் இருக்கும். கோளாறு அந்தக் காட்சியில் இல்லை. கதையைப் பின்னிய நாளிலேயே அதன் உயிர் போய்விட்டது. மாற்றி மாற்றிக் காட்டாமல் ஒன்றரை மணி நேரம் ஃப்ரோடோவை மறைத்துவைக்கவும் எந்தப் படத்தாலும் முடியாது என்பதால், இதை நான் நியாயமான விலையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஃபாராமிர் விவகாரம் வேறு. கோண்டோர் நாட்டை ஆளும் டெனெதோரின் இளைய மகன் அவன். புத்தகத்தில் மோதிரத்தை மறுத்து ஃப்ரோடோவை வழியனுப்பும் அவன், 2002 படத்தில் ஃப்ரோடோவையும் சாமையும் ஆஸ்கிலியாத் நகருக்கு இழுத்துப் போகிறான். காரணம் புரிகிறது. ஷெலாப் என்ற சிலந்தியின் குகையை மூன்றாம் படத்துக்குத் தள்ளியதால், இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவுக்கு உச்சகட்டம் இல்லாமல் போயிற்று. எல்லோரையும் ஆட்டுவிக்கும் மோதிரத்தை ஒருவன் சுலபமாகத் தள்ளிவிட்டால் அதன் மேலுள்ள பயமும் குறையும். மாற்றத்தின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை, செய்த விதத்தில்தான் இருக்கிறது. சாரோனின் சேவகனான பறக்கும் நாஸ்கூலின் முகத்துக்கு நேரே ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டுகிறான். அதற்குப் பிறகும் மோதிரம் எங்கே இருக்கிறது என்று சாரோனுக்குத் தெரியவில்லை என்றால், மூன்றாம் படத்தின் திட்டமே ஆட்டம் காண்கிறது. ஃபாராமிரை எடைபோட நீட்டித்த பதிப்பைப் பாருங்கள். டெனெதோர் மூத்த மகன் போரோமிரைக் கொண்டாடி இளையவனை ஒதுக்கும் காட்சி அதில் இருக்கிறது. அவன் ஏன் மோதிரத்தைத் தந்தையிடம் கொண்டுபோக நினைக்கிறான் என்பது அங்கேதான் விளங்கும்.

நீளத்தைப் பற்றிச் சண்டை வந்தால் ஒரு சின்னக் கணக்கு உதவும்: புத்தகத்தின் சொற்களைப் படத்தின் நிமிடங்களால் வகுங்கள். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' சுமார் 4,80,000 சொற்கள், தியேட்டர் வடிவில் மூன்று படமும் சேர்ந்து 558 நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 860 சொல். 'த ஹாபிட்' சுமார் 95,000 சொற்கள், மூன்று படமும் சேர்ந்து 474 நிமிடம். நிமிடத்துக்கு 200 சொல்தான். முதலில் இரண்டு படமாகத் திட்டமிட்டு, 2012இல் மூன்றாக்கினார்கள். டாரியல் என்ற புதுப் பாத்திரமும், பீப்பாய்களை ஆற்றில் சண்டைக்களமாக்கியதும் புத்தகத்தில் இல்லாதவை. புத்தகத்தில் குள்ளர்கள் மூடிய பீப்பாய்க்குள் மூச்சுத் திணறிக் கிடப்பார்கள், பில்போ வெளியே ஒன்றைப் பற்றிக்கொண்டு நனைந்து தும்முவான். தப்பித்தல் எவ்வளவு அவஸ்தை என்று அது சொல்லும். படத்தில் அது சவாரியாகிவிட்டது.

ஹாரி பாட்டரில் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. முதல் புத்தகம் நிமிடத்துக்குச் சுமார் 500 சொல். வரிசையிலேயே நீளமான ஐந்தாவது 138 நிமிடப் படமானது, நிமிடத்துக்கு 1,800 தாண்டுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் ஒரே இழையைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. அந்தப் படம் ஹாரிக்கும் கொடுமைக்கார ஆசிரியை அம்ப்ரிட்ஜுக்கும் நடக்கும் மோதலைப் பிடித்துக்கொண்டது, சரியான தேர்வு என்பேன்.

ஆனால் தொடர் படங்களில் வெட்டுக்கு வட்டி உண்டு. ஐந்தாம் புத்தகத்தில் ஞானத்தந்தை சிரியஸ் ஹாரிக்குத் தரும் இரட்டைக் கண்ணாடி அந்தப் படத்தில் இல்லை. 2010இல் வந்த ஏழாம் கதையின் முதல் பாகத்தில் ஹாரி கையில் திடீரென்று ஒரு கண்ணாடித் துண்டு. புத்தகம் படிக்காதவருக்கு அது அவனிடம் எப்படி வந்தது என்று கடைசிவரை தெரியாது. வீட்டுவேலை செய்யும் குட்டிப்பூதம் டாபியின் கதையும் இதுவே. 2002 படத்தில் வந்தவன், அடுத்து எட்டு ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டுகிறான். நான்காம் புத்தகத்தில் ஹாரிக்கு நீருக்குள் மூச்சுவிட உதவும் கில்லிவீட் என்ற செடியைக் கொண்டுவந்து தருவது அவன், படத்தில் சக மாணவன் நெவில். அந்த மாற்றத்தால் ஒரு காட்சி சுருங்கியது, ஆனால் டாபியின் மரணத்துக்கு வேண்டிய பாசம் சேராமல் போனது. இறுதிப் புத்தகம் வெளிவந்தது 2007 ஜூலையில். அதற்குமுன் படமெடுத்தவர்களுக்கு எது பின்னால் தேவைப்படும் என்று தெரிய வழியில்லை. ஐந்தாம் படத்தில் சிரியஸ் வீட்டுக் குட்டிப்பூதம் க்ரீச்சரை விட்டுவிட இருந்தபோது, வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கச் செய்தவர் நூலாசிரியர் ரௌலிங்தான்.

மன்னிக்க முடியாதது, மலிவாகத் தீர்ந்திருக்கக்கூடிய இழப்பு. 2004இல் வந்த மூன்றாம் படம் எனக்குத் தொடரிலேயே சிறந்தது. காலத்தைத் திருப்பும் பகுதியை இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை. இருந்தும் மாயவரைபடத்தை உருவாக்கிய நால்வர் யார் என்று அதில் ஒருவரும் சொல்வதில்லை. அந்த நால்வரில் ஒருவரான, ஹாரியின் தந்தை ஜேம்ஸ் கலைமானாக மாறக்கூடியவர் என்பது தெரியாமல், ஹாரியின் பாட்ரோனஸ் (காக்கும் மந்திர உருவம்) ஏன் கலைமான் என்பது விளங்காது. அந்த நால்வரில் இன்னொருவரான ஆசிரியர் லூபின் வாயில் இரண்டு வரி போதும்.

பாதியில் நிறுத்தினால் பொருளே தலைகீழாகலாம். மிகாயேல் எண்டெயின் 'முடிவில்லாக் கதை' 1979இல் வந்தது. 1984 படம் அதன் முதல் பாதியைத்தான் எடுத்தது. இரண்டாம் பாதியில், படிக்கும் கதைக்குள்ளேயே நுழைந்துவிட்ட சிறுவன் பாஸ்டியனின் ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு நினைவு பறிபோகும், வீடு திரும்பவே முடியாத நிலைக்கு வந்துவிடுவான். படமோ அவன் பறக்கும் நாகத்தின் மேலேறித் தன்னைச் சீண்டிய பையன்களைத் துரத்தி மகிழ்வதோடு முடிகிறது. புத்தகம் எச்சரித்த ஆசையையே படம் பரிசாகக் கொடுக்கிறது. எண்டெ தன் பெயரை எடுத்துவிடச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

என் அளவுகோலுக்கும் பிடிபடாத ஒரு வெட்டு உண்டு. ஷயருக்குத் திரும்பும் ஹாபிட்கள் தங்கள் ஊரே பாழாகியிருப்பதைக் கண்டு போராடி மீட்கும் அத்தியாயம். போர் வீட்டு வாசல்வரை வரும் என்பது அதன் வேலை. முதல் படத்தில் எல்ஃப் அரசி கலாட்ரியலின் நீர்க்கண்ணாடியில் ஷயர் எரிவதைக் காட்டிவிட்டு, மூன்றாவதில் ஒரு பூகூட வாடவில்லை. பதிலுக்கு ஒரு மதுக்கடைக் காட்சி: நால்வரும் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் ஊர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருக்கிறது, இவர்கள் எங்கே போய்வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊர் மாறவில்லை, இவர்கள் மாறிவிட்டார்கள். ஃப்ரோடோ ஏன் கப்பலேறுகிறான் என்பதற்கு அந்த ஒரு நிமிடம் போதுமான காரணம். மெர்ரியும் பிப்பினும் எவ்வளவு வளர்ந்துவிட்டார்கள் என்பதற்கு அது போதாது.