கோடு போட்ட நாள்காட்டித் தாள்கள்

பிப்ரவரி 15, 2024

திங்கட்கிழமை பிறந்த மகளுடன் இன்று அம்பாசமுத்திரத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிறந்தபோது அவள் எடை 2.9 கிலோ. வாசலில் ஆரத்தி சுற்றி முடித்த கையோடு ஆச்சி பாபநாசம் மலைத்தேன் குப்பியைத் திறந்துவிட்டாள். நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்காமல் பிள்ளையை மூன்று நாள் விட்டுவைத்ததே அவளுக்குப் பெருங்குறை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட்டாள் என்றும், ஓராண்டு நிறையும்வரை தேன் கூடாது என்றும் சொன்னேன். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் நம் குடலில் ஒன்றும் செய்யாமல் கழிந்துவிடும். பச்சிளங்குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரந்து, உடம்பைத் துவண்டுபோகச் செய்யும். இந்த நோய் 1976-இல்தான் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. "அப்ப உங்கம்மைக்கும் ஒனக்கும் நான் வச்சது நஞ்சாட்டி?" என்று ஆச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. குப்பி அடுக்களையின் மேல்தட்டுக்குப் போயிற்று.

மாலைக்குள் வந்து பார்த்த நால்வரில் மூவர், குழந்தை அழுவதைக் கேட்டு, எனக்குப் பால் பற்றவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையில் நர்ஸ் அக்கா சொல்லி அனுப்பியதை நினைத்துக்கொண்டேன்: "அழுகைய எண்ணாதீங்க, நனையுற துணிய எண்ணுங்க." ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். தினசரி நாள்காட்டியில் இராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே இருக்கும் வெற்றிடத்தில் கோடு போட ஆரம்பித்திருக்கிறேன். இன்றைக்கு மூன்று கோடுகள்.

பிப்ரவரி 17

காலையில் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது வெள்ளைவிழியும் நெஞ்சும் மஞ்சளாக இருந்தன. எடை 2.68 கிலோ. முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவது இயல்புதான் என்றாலும், இது பத்தில் ஒரு பங்கை நெருங்கிக்கொண்டிருந்ததால் மருத்துவர் மீண்டும் சேர்க்கச் சொல்லிவிட்டார். கண்களைக் கட்டி, நீல விளக்கின் கீழே அவளைக் கிடத்தியிருக்கிறார்கள். பால் கொடுக்க மட்டும் கையில் தருகிறார்கள்.

ஆச்சி, "காலை வெயில்ல காட்டினாப் போதும்லா" என்றாள். அதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. 1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிச் சென்ற சிஸ்டர் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளிறியிருப்பதைக் கவனித்ததிலிருந்துதான் இந்த விளக்கே பிறந்தது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபினை நீல ஒளி நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்ற, அது எளிதில் வெளியேறிவிடுகிறது. இளவெயிலில் அந்த அளவு ஒளி கிடைக்கும் என்று நம்பி இரண்டு நாளைக் கடத்தினால், பிலிரூபின் மிகுந்து மூளையைத் தாக்கிவிடக்கூடும்.

பால் ஊட்டுவதையும் இன்று புதிதாகக் கற்றேன். காம்பை மட்டும் கவ்வவிட்டதால்தான் எனக்குப் புண்ணாகி, அவளுக்கும் பால் சரியாக வராமல் இருந்திருக்கிறது. கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்து, மோவாய் மார்பில் பதிய வேண்டும். நர்ஸ் அக்கா என் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையைச் செருகி, குனியாமல் குழந்தையை என்னிடம் கொண்டுவரச் சொன்னார். நாலைந்து இழுப்புக்குப் பிறகு, விழுங்கும் சத்தம் "க்க், க்க்" என்று முதன்முறையாகக் கேட்டது.

பிப்ரவரி 27

எடை 2.95 கிலோ. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். தொப்புள்கொடியும் எதையும் பூசாமலே காய்ந்து விழுந்துவிட்டது. நேற்று எட்டுக் கோடுகள்.

மார்ச் 10

ஆச்சி குளிப்பாட்டும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, கணுக்கால் பக்கம் தலை வருமாறு பிள்ளையைக் கிடத்தி, தேங்காயெண்ணெய் தேய்த்து, வெந்நீரை முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்த பிறகே மேலுக்கு விடுவாள். எனக்கு அந்தக் கைப்பக்குவம் வரப்போவதில்லை. ஆனால், மூக்கிலும் காதிலும் ஊதுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, ஈரத்தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றை விட்டுவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பிறந்த குழந்தையின் மார்பில் சில நாள் சுரப்பது தாயிடமிருந்து வந்த ஹார்மோனால்தான், தானே வற்றிவிடும், பிதுக்கினால் சீழ் கட்டும். எண்ணெயையும் ஊதலையும் ஆச்சி விட்டுவிட்டாள். சாம்பிராணி பின்கட்டு வரைக்கும் வந்து நிற்கிறது.

மார்ச் 27

புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஆறு வாரத்து ஊசிகள்: தொடையில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட்டும் நிமோனியாவுக்கு எதிரானதும், கையில் போலியோ ஊசி, வாயில் போலியோவுக்கும் ரோட்டா வைரஸுக்கும் எதிரான சொட்டுகள். பிறந்த அன்று இடது தோளில் போட்ட, காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியின் இடத்தில் சிறு கொப்புளம் எழும்பியிருக்கிறது; அதைக் கிள்ளவோ மருந்து தடவவோ கூடாது, அதன் போக்கிலேயே ஆறித் தழும்பாகும்.

இரவில் காய்ச்சல் 101 டிகிரி. மருத்துவர் எழுதிக்கொடுத்தது பாரசிட்டமால் சொட்டு மருந்து, 0.6 மி.லி. மருந்துக்கடையில் அதற்குப் பதிலாகச் சிரப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்பதை, புட்டியை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன். சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். கடையில் கொடுத்த சிரப்பில் ஐந்து மில்லிலிட்டருக்கு 125. இதில் 0.6 கொடுத்தால் காய்ச்சல் இறங்காது என்பதோடு போகும். சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்திருந்தால் நான்கு மடங்குக்குப் போயிருக்கும். என் கணவர் பத்து மணிக்கு மறுபடி கடைக்கு ஓடினார்.

ஏப்ரல் 5

மாலை ஆறு மணி ஆனால் வீறிடத் தொடங்குகிறாள். ஒன்பது வரை நிற்பதில்லை. பால் குடிக்கிறாள், எடை கூடுகிறது, காய்ச்சல் இல்லை. இப்படிப்பட்ட அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும் என்கிறார்கள். அடங்கும்வரை என்ன செய்வது என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு மருந்து வைத்திருக்கிறார்கள்: வசம்பைச் சுட்டு உரைப்பது, ஜாதிக்காய், மாசிக்காய், கிரைப் வாட்டர், "குடலேற்றம்" தட்டுவது. எதுவும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எங்களுக்குப் பலித்தது ஒன்றே: முன்கையில் குப்புறக் கிடத்திக்கொண்டு முற்றத்தில் நடப்பது. நேற்று எட்டரை மணிக்கு எனக்கே கைகள் நடுங்கின. பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, கிணற்றடியில் போய் ஐந்து நிமிடம் நின்றேன். எரிச்சலில் குழந்தையைப் பிடித்து ஒருமுறை உலுக்கினால்கூட மூளைக்குள் இரத்தம் கசியலாம். அழவிட்டுத் தள்ளி நிற்பதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

பகலில் ஆச்சியின் பழைய நூல்சேலையில் கட்டிய தூளியில் தூங்குகிறாள். மோவாய் நெஞ்சில் புதையாமல் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இரவில் பாயில், மல்லாந்து.

மே 12

அக்கினி நட்சத்திரம். "நாக்கு வறண்டு போவும்லா, ஒரு சங்கு தண்ணி குடுட்டி" என்று இன்று மட்டும் ஆச்சி ஐந்து முறை கேட்டுவிட்டாள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீரால் வயிற்றை நிரப்பினால் பால் உள்ளே போவது குறையும், கிருமி வர ஒரு வழியும் திறக்கும். இதை வாயால் விளக்கி முடியாது என்று தெரிந்து, கடந்த பத்து நாள் தாள்களைக் கிழித்து ஆச்சி முன் பரப்பினேன். ஏழு, எட்டு, ஏழு, ஒன்பது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆச்சிக்குக் கோடு எண்ண நன்றாகவே தெரியும். எண்ணி முடித்துவிட்டு, "அப்ப நீயாவது தண்ணி குடி" என்று ஒரு செம்பை என்னிடம் நீட்டினாள்.

ஆகஸ்ட் 14

ஆறு மாதம். கோயிலில் சோறூட்டி வந்த பிறகு, உண்மையான சோறூட்டல் அடுக்களையில் தொடங்கியது. ஆச்சி முதலில் கொண்டுவந்தது பருப்பை வடித்த தண்ணீர். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடுவதில் வயிறு நிறையுமே தவிர, சத்து ஏறாது. கரண்டியிலேயே தங்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். குழையவிட்ட சோறும் பாசிப்பருப்பும் ஒரு துளி நெய்யும், உப்பு இல்லாமல். இரண்டு கரண்டியில் முக்கால்வாசி கழுத்தில் இறங்கியது. கருவில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து இந்த வயதில் தீர்ந்துவிடுவதால் முருங்கைக்கீரையையும் முட்டையையும் மீனையும் தள்ளிப்போடாமல் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்போகிறோம். தாய்ப்பால் தொடரும்.

அக்டோபர் 6

நேற்று முதல் எட்டு முறை வயிற்றுப்போக்கு. ஆச்சி சோற்றையும் பாலையும் நிறுத்தச் சொன்னாள்; என் கணவர் உப்புக்கரைசல் பாக்கெட்டில் பாதியை ஒரு தம்ளரில் கொட்டப் போனார். இரண்டும் தவறு. முழுப் பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பு மிகுந்து கேடாகும். 1971-இல் வங்க அகதிகள் முகாம் ஒன்றில் காலராவுக்கு நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தே பெருவாரியானவர்களைக் காப்பாற்றினார். அந்த நீரைத்தான் நான் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தேன், இடையிடையே பாலும். ஆனால் மாலை நான்கு மணிவரை தாளில் ஒரே ஒரு கோடு. கண் குழிந்திருந்தது. கிளம்பிவிட்டோம். இரவெல்லாம் மருத்துவமனையில் கரைசல் ஊட்டியே தேற்றினார்கள். 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரை தந்திருக்கிறார்கள்.

நவம்பர் 13

ஒன்பது மாத ஊசிகள். தட்டம்மை–ரூபெல்லா அவற்றில் ஒன்று. வைட்டமின் ஏ திரவமும் கொடுத்தார்கள். எடை 7.8 கிலோ. கரண்டியைப் பிடுங்குகிறாள்.

பிப்ரவரி 13, 2025

நேற்று ஓராண்டு நிறைந்தது. எடை 8.6 கிலோ, பிறந்தபோது இருந்ததில் மூன்று மடங்குக்குச் சற்றுக் கீழே. போதும் என்றார் மருத்துவர். இன்று காலை நான் எழுவதற்குள் ஆச்சி மேல்தட்டிலிருந்து குப்பியை இறக்கியிருந்தாள். "உன் டாக்டர் சொன்ன வருசம் ஆயிட்டுல்லா?" என்றவள், என் தலையசைப்புக்குக் காத்திருந்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தாள், யோசித்தாள், பிறகு ஆச்சியின் விரலைப் பிடித்து இழுத்தாள்.